ரசிகர்களின் பாட்காஸ்ட்: காப்பாற்றிய ஒலியும் காப்பாற்ற வேண்டிய ஒலியும்

ஒரு டிவி தொடர். 2013-ம் ஆண்டுக் கணக்குப்படி அதன் 97 எபிசோடுகள், தயாரித்த நிறுவனத்திடமே இல்லை. படம் போய்விட்டது. ஆனால் அந்த 97 எபிசோடுகளுக்கும் ஒலி மட்டும் இருக்கிறது. வசனம், இசை, கதவு திறக்கும் சத்தம் என்று எல்லாமே இருக்கிறது. இதைக் காப்பாற்றியது நிறுவனம் அல்ல. வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த ரசிகர்கள்.

அந்தத் தொடரின் பெயர் டாக்டர் ஹூ. பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர். இன்று அதே தொடரைப் பற்றி ரசிகர்கள் வீட்டிலிருந்தே பாட்காஸ்ட் தயாரித்து வெளியிடுகிறார்கள். இதில் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. 1960-களில் ரசிகர்கள் பதிவு செய்த ஒலி இன்றும் இருக்கிறது. ஆனால் 2005-க்குப் பிறகு ரசிகர்கள் பதிவு செய்த பாட்காஸ்டுகளில் பல காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. பாட்காஸ்ட் எப்படி வேலை செய்கிறது, ரசிகர்கள் அதை எப்படித் தயாரிக்கிறார்கள், அது ஏன் மறைகிறது, நாம் எப்படிச் சேமிக்கலாம் என்பதை இக்கட்டுரையில் பார்க்கலாம்.

டேப் ரெக்கார்டர் காலம்

டாக்டர் ஹூ 1963-ம் ஆண்டு நவம்பர் 23 அன்று தொடங்கியது. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசி ஒருவர்தான் நாயகன். அவருடைய வாகனம் வெளியே பார்த்தால் ஒரு போலீஸ் பூத். உள்ளே போனால் மிகப் பெரியது. உடல் தளர்ந்தால் அவர் புதிய உருவம் எடுத்துக்கொள்வார். இதனால் நடிகர் மாறினாலும் கதை தொடரும்.

முதல் 6 ஆண்டுகளில் 253 எபிசோடுகள் தயாரானது. அப்போது வீடியோ டேப்பின் விலை மிக அதிகம். அதை அழித்துவிட்டுத் திரும்பவும் பதிவு செய்யலாம். நடிகர் சங்கத்துடன் இருந்த ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபோதெல்லாம் மறுஒளிபரப்பு செய்யவும் முடியாது. வீட்டில் வீடியோ பார்க்கும் வசதியும் அன்று இல்லை. எனவே பழைய டேப்புகளை வைத்திருந்து என்ன பயன் என்று பிபிசி நினைத்தது. ஏராளமான டேப்புகள் அழிக்கப்பட்டன.

அதே நேரத்தில் பிரிட்டனில் சில ரசிகர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் டிவி ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து, ரீல் டேப் ரெக்கார்டரில் ஒலியைப் பதிவு செய்து வந்தார்கள். மறுஒளிபரப்பு வராது என்பதால் மீண்டும் ஒருமுறை கேட்கலாமே என்ற ஆசைதான் காரணம். ஒரு ரசிகர் இன்னும் ஒரு படி மேலே போனார். மைக்கில் வீட்டுச் சத்தமும் சேர்ந்துவிடுகிறது என்று, டிவியின் உள்ளே ஒலிப்பகுதியிலிருந்து நேரடியாக வயர் இழுத்துப் பதிவு செய்தார்.

பல ஆண்டுகள் கழித்து இந்தப் பதிவுகள்தான் பிபிசிக்கே கைகொடுத்தன. கதையை விளக்கும் குரல் சேர்த்து அவை சிடியாக வெளிவந்தன. 1966-ல் ஒளிபரப்பான 'தி பவர் ஆஃப் தி டேலக்ஸ்' கதையின் 6 எபிசோடுகளும் தொலைந்தவை. 2016-ல் அந்த 6 எபிசோடுகளையும் அனிமேஷனாக பிபிசி வெளியிட்டது. அதில் நாம் கேட்பது, 50 ஆண்டுகளுக்கு முன் ரசிகர் ஒருவர் வீட்டில் பதிவு செய்த அதே ஒலியை.

வெளிநாட்டு டிவி நிலையங்களுக்கு விற்ற பிலிம் பிரதிகளும் அவ்வப்போது கிடைப்பதுண்டு. 2013-ல் நைஜீரியாவிலிருந்து, அதுவரை தொலைந்தவை என்று கருதப்பட்ட 9 எபிசோடுகள் கிடைத்தன. அதன் பிறகுதான் எண்ணிக்கை 97-க்கு இறங்கியது.

ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

1989-ல் டாக்டர் ஹூ நின்றுபோனது. 1996-ல் ஒரே ஒரு டிவி திரைப்படம் வந்தது. பிறகு 2005-ம் ஆண்டு மார்ச் 26 அன்று தொடர் புதிதாகத் தொடங்கியது. அதற்கு மூன்று மாதம் கழித்து, ஜூன் 2005-ல் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் 4.9 பதிப்பில் பாட்காஸ்ட் வசதியைச் சேர்த்தது. அதுவரை கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் மட்டும் பயன்படுத்திய ஒன்று ஒரே நாளில் எல்லோருக்கும் எளிதானது. நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் டிக்‌ஷனரி 2005-ம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது 'பாட்காஸ்ட்' என்ற சொல்லைத்தான்.

பேசுவதற்குப் புதிய தொடர் வந்துவிட்டது. பேசியதை வெளியிட வழியும் வந்துவிட்டது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அதே 2005-ல் அமெரிக்க ரசிகர்கள் 'டாக்டர் ஹூ: பாட்ஷாக்' என்ற பாட்காஸ்டைத் தொடங்கினார்கள். 2006-ல் கனடாவின் எட்மண்டன் நகரிலிருந்து 'ரேடியோ ப்ரீ ஸ்காரோ' வந்தது. ஸ்காரோ என்பது இந்தத் தொடரில் வரும் டேலக்குகளின் கிரகம். தொடரின் 50-வது ஆண்டை ஒட்டி, பெண்கள் மட்டுமே பேசும் 'வெரிட்டி!' தொடங்கியது. இவர்கள் யாரும் பிபிசி ஊழியர்கள் அல்ல. சம்பளம் இல்லாமல், ஆர்வத்தால் மட்டுமே தொடங்கியவர்கள்.

பாட்காஸ்ட் எப்படி வேலை செய்கிறது?

பாட்காஸ்ட் என்றதும் பலர் அதை ஒரு வகை இன்டர்நெட் ரேடியோ என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாட்காஸ்ட் என்பது இரண்டே பொருள்கள்தான்.

ஒன்று, ஆடியோ பைல். பெரும்பாலும் எம்பி3.

இரண்டு, ஆர்எஸ்எஸ் பீட். இது எக்ஸ்எம்எல் வடிவில் உள்ள சாதாரண டெக்ஸ்ட் பைல். இதில் ஒவ்வொரு எபிசோடுக்கும் தலைப்பு, தேதி, சிறு விளக்கம் இருக்கும். கூடவே 'என்க்ளோஷர்' என்ற ஒரு வரி இருக்கும். எம்பி3 பைல் எந்த முகவரியில் இருக்கிறது, அதன் அளவு என்ன, அது என்ன வகை பைல் என்று இந்த வரி சொல்லும்.

ஆர்எஸ்எஸ் முதலில் செய்தித் தலைப்புகளை அனுப்புவதற்காக வந்தது. எம்டிவி நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி ஆடியோவையும் இப்படி அனுப்ப முடியுமா என்று ஆர்வம் காட்டினார். புரோகிராமர் டேவ் வைனர் 2000-ம் ஆண்டு இறுதியில் என்க்ளோஷர் வரியை ஆர்எஸ்எஸ்-ல் சேர்த்தார். இன்றைய பாட்காஸ்டுகளும் அதே வரியை நம்பித்தான் இயங்குகின்றன.

நீங்கள் ஒரு பாட்காஸ்டை சப்ஸ்கிரைப் செய்தால் என்ன நடக்கிறது? உங்கள் போனில் உள்ள ஆப் அந்த பீட் முகவரியைக் குறித்துக்கொள்கிறது. பிறகு அவ்வப்போது அந்த டெக்ஸ்ட் பைலைப் படித்துப் பார்க்கிறது. புதிய எபிசோடு சேர்ந்திருந்தால் என்க்ளோஷரில் உள்ள முகவரிக்குப் போய் எம்பி3 பைலை எடுத்து வருகிறது. அவ்வளவுதான்.

இந்த எளிமைதான் பாட்காஸ்டின் பலம். யாருடைய அனுமதியும் இல்லாமல் எவரும் தொடங்கலாம். இதுவே பலவீனமும் கூட. அந்த இரண்டு பைல்களும் யாரோ ஒருவருடைய சர்வரில் இருந்தாக வேண்டும்.

ரசிகர்கள் என்ன பேசுகிறார்கள்?

மூன்று வகைகளை அதிகம் கேட்கலாம்.

முதலாவது, விமர்சனம். எபிசோடு ஒளிபரப்பான அன்றிரவோ மறுநாளோ இரண்டு மூன்று பேர் அமர்ந்து அலசுவார்கள். 2013-ம் ஆண்டு நவம்பர் 23 அன்று 50-வது ஆண்டுச் சிறப்பு எபிசோடு 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானது. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் அப்போது பேசிய பேச்சை, இன்று யாரும் திரும்பவும் பேசிவிட முடியாது.

இரண்டாவது, பேட்டி. கதாசிரியர்கள், நடிகர்கள், ஒலி அமைப்பாளர்கள் என்று பலர் ரசிகர்களிடம் மணிக்கணக்கில் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். பழைய காலக் கலைஞர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை. அவர்கள் குரல் இந்த எம்பி3 பைல்களில் இருக்கிறது.

மூன்றாவது, உடன் பேசும் கமென்ட்டரி. இது சுவாரசியமான ஏற்பாடு. பாட்காஸ்ட் தொடங்கியதும் "மூன்று, இரண்டு, ஒன்று, பிளே" என்பார்கள். நீங்கள் அதே நொடியில் உங்கள் டிவிடியை ஓடவிட வேண்டும். படம் உங்கள் டிவியில் ஓடும். பேச்சு எம்பி3-ல் வரும். தொடரின் ஒலியோ படமோ பாட்காஸ்டில் இருக்காது என்பதால் காப்பிரைட் தொல்லையும் இல்லை.

காப்பிரைட் என்பது ரசிகர்கள் கவனமாக இருக்க வேண்டிய விஷயம். விமர்சனத்துக்காகச் சிறு பகுதியை எடுத்துக்காட்டுவதற்குப் பிரிட்டன் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எபிசோடை முழுதாகப் போட முடியாது. பேசுவது நீங்களாக இருந்தால் அந்தப் பேச்சு உங்களுடையது. தொடரின் தீம் மியூசிக் உங்களுடையது அல்ல.

வீட்டிலேயே எப்படித் தயாரிக்கிறார்கள்?

ஸ்டுடியோ தேவையில்லை. யுஎஸ்பி மைக், ஹெட்போன், கம்ப்யூட்டர் போதும். ஹெட்போன் ஏன் என்றால், எதிர்முனையில் இருப்பவர் பேசுவது ஸ்பீக்கர் வழியாக வந்தால் அது உங்கள் மைக்கில் புகுந்து எதிரொலியாகிவிடும்.

ஒருவர் ஒரு நாட்டிலும் இன்னொருவர் வேறொரு நாட்டிலும் இருந்தால்? முன்பு பலர் ஸ்கைப்பில் பேசி அதையே பதிவு செய்தார்கள். ஸ்கைப் மே 2025-ல் மூடப்பட்டுவிட்டது. எந்த சாப்ட்வேரில் பேசினாலும் இன்டர்நெட் வேகம் குறையும்போது குரல் உடையும். இதற்கு நல்ல தீர்வு உண்டு. பேசிக்கொள்வது இன்டர்நெட் வழியாக. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் குரலைத் தங்கள் கம்ப்யூட்டரிலேயே தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் ஒன்றாகக் கை தட்ட வேண்டும். பிறகு எல்லாப் பைல்களையும் ஒருவரிடம் அனுப்பினால், அந்தக் கைதட்டல் சத்தத்தை வைத்து அவர் அவற்றை வரிசையாகப் பொருத்திவிடுவார்.

எடிட் செய்ய ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் 2000-ம் ஆண்டு முதல் கிடைக்கிறது. தேவையற்ற இடைவெளிகளை வெட்டலாம். மின்விசிறி இரைச்சலைக் குறைக்கலாம். ஒருவர் குரல் பெரிதாகவும் மற்றவர் குரல் சிறிதாகவும் இருந்தால் சமன் செய்யலாம். எம்பி3 ஆக மாற்ற முன்பு லேம் என்கோடரைத் தனியாக டவுன்லோட் செய்ய வேண்டியிருந்தது. எம்பி3 காப்புரிமைகள் முடிந்த பிறகு, 2019 முதல் அது ஆடாசிட்டியுடன் சேர்ந்தே வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு

பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் மோனோ எம்பி3 போதுமானது. ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடிகள். 64-ஐ 3,600-ஆல் பெருக்கி, பிட்டை பைட்டாக மாற்ற 8-ஆல் வகுத்தால் 28,800 கிலோபைட். அதாவது 28.8 எம்பி.

இதை 1,000 பேர் டவுன்லோட் செய்தால் 28.8 ஜிபி. வாரம் ஒன்று வெளியிட்டால் மாதத்துக்கு 100 ஜிபியைத் தாண்டும். 2005-ல் சாதாரண வெப்சைட் வைத்திருந்த ரசிகருக்கு இது பெரிய சுமை. பாட்காஸ்ட் பிரபலமானால் பில் அதிகமாகும். 2004-ல் தொடங்கிய லிப்சின் போன்ற ஹோஸ்டிங் சேவைகள், எத்தனை பேர் டவுன்லோட் செய்தாலும் மாதம் ஒரே கட்டணம் என்ற முறையால்தான் பலரைக் காப்பாற்றின. ஆனால் அந்தக் கட்டணத்தை மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன் மறைகின்றன?

நான் விரும்பிக் கேட்டு வந்த ஒரு ரசிகர் பாட்காஸ்ட் இப்படித்தான் போனது. புதிய எபிசோடு வருவது நின்று ஓராண்டு ஆகியிருந்தது. பழையதைக் கேட்கலாம் என்று ஆப்பைத் திறந்தால் எந்த எபிசோடும் ஓடவில்லை. பிரவுசரில் பார்த்தால் அந்த டொமைன் விற்பனைக்கு என்று இருந்தது. என் போனில் தற்செயலாகத் தங்கியிருந்த 3 எபிசோடுகள் மட்டும் மிச்சம். சாப்ட்வேர் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளும் நான், எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து வைக்க வேண்டும் என்று அதுவரை நினைக்கவே இல்லை.

பாட்காஸ்ட் மறைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

ஹோஸ்டிங் கட்டணம் நின்றுபோவது. தயாரிப்பவருக்கு வேலை மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, ஆர்வம் குறைகிறது. கார்டு காலாவதி ஆனதைக் கவனிப்பதில்லை.

டொமைன் பெயரைப் புதுப்பிக்காமல் விடுவது. எம்பி3 பைல்கள் வேறு சர்வரில் பத்திரமாக இருந்தாலும், பீட் முகவரி போய்விட்டால் அவற்றைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பீட் சுருங்குவது. பலர் கவனிக்காத விஷயம் இது. உதாரணமாக வேர்ட்பிரஸ்ஸில் எந்த மாற்றமும் செய்யாவிட்டால், பீட்டில் கடைசி 10 பதிவுகள் மட்டுமே இருக்கும். சர்வரில் 300 எபிசோடுகள் இருந்தாலும் உங்கள் ஆப்புக்கு 10 மட்டுமே தெரியும்.

கேட்கும் சேவை மூடப்படுவது. கூகுள் ரீடர் 2013-லும் கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-லும் மூடப்பட்டன. இவற்றால் பைல்கள் அழியவில்லை. ஆனால் பட்டியலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளாதவர்கள், எதையெல்லாம் கேட்டு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார்கள்.

கவனித்தீர்களா? எவரும் கெட்ட எண்ணத்தோடு அழிக்கவில்லை. அன்று பிபிசியும் கெட்ட எண்ணத்தோடு அழிக்கவில்லை. வைத்திருப்பதற்குச் செலவு ஆனது, வைத்திருக்கக் காரணம் தெரியவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்களுக்குப் பிடித்த பாட்காஸ்ட் எந்தத் தொடரைப் பற்றியதாக இருந்தாலும் இந்த வழிகள் பொருந்தும்.

1. கேட்பது வேறு, சேமிப்பது வேறு. பல ஆப்கள் எபிசோடை ஓடவிட்டுக் காட்டுமே தவிர, பைலை வைத்துக்கொள்வதில்லை. சில ஆப்கள் கேட்டு முடித்ததும் தானாக அழித்துவிடும். செட்டிங்ஸ் பகுதியில் இந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

2. கம்ப்யூட்டரில் ஜிபாட்டர் என்ற இலவச சாப்ட்வேரை நிறுவுங்கள். பீட் முகவரியைக் கொடுத்தால் அதில் உள்ள எல்லா எபிசோடுகளையும் காட்டும். அனைத்தையும் தேர்வு செய்து டவுன்லோட் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஆன்டெனாபாட் இதே வேலையைச் செய்யும்.

3. பீட் பைலையும் சேமியுங்கள். பீட் முகவரியை பிரவுசரில் திறந்து, சேவ் ஆஸ் கொடுத்தால் போதும். எபிசோடு விளக்கங்கள், தேதிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வெறும் எம்பி3 பைலாக இருந்தால், பத்து ஆண்டு கழித்து அது என்ன, எப்போது பேசியது என்று புரியாது.

4. பைல் பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்களைச் சேருங்கள். போல்டரில் தானாகக் கால வரிசையில் வந்துவிடும். விண்டோஸில் எம்பி3டேக் சாப்ட்வேர் மூலம் தலைப்பு, எபிசோடு எண் ஆகியவற்றைப் பைலுக்குள்ளேயே எழுதலாம்.

5. சப்ஸ்கிரிப்ஷன் பட்டியலை ஓபிஎம்எல் பைலாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். நாளை ஆப் மூடப்பட்டாலும், இந்தப் பைலை வேறு ஆப்பில் இம்போர்ட் செய்துகொள்ளலாம்.

6. பீட் ஏற்கெனவே செத்துவிட்டதா? இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினில் அந்த பீட் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பழைய பீட் சேமிக்கப்பட்டிருந்தால், அதில் உள்ள என்க்ளோஷர் முகவரிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். எம்பி3 இன்னும் சர்வரில் இருக்கலாம். ஆர்க்கைவிலேயே கூட இருக்கலாம்.

7. சேமித்ததை உங்கள் பெயரில் இன்டர்நெட்டில் ஏற்றாதீர்கள். பேச்சின் உரிமை பேசியவர்களுக்கே. கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் கொடுத்திருந்தால் அதன்படி செய்யலாம். இல்லையென்றால் தயாரித்தவருக்கு ஒரு மெயில் அனுப்பிக் கேளுங்கள். அவரிடமே பழைய பைல்கள் இல்லாமல் போயிருக்கலாம். உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தால் மகிழ்ச்சி அடைவார்.

இடம் எவ்வளவு தேவை? மேலே சொன்ன கணக்குப்படி வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 52 எபிசோடுகள், சுமார் 1.5 ஜிபி. பத்து ஆண்டுகளுக்கு 15 ஜிபி. ஒரு 32 ஜிபி பென் டிரைவில் பாதி கூட நிறையாது. ஆனால் பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, வெளியே இன்னொரு பிரதி என்று இரண்டாவது வைத்திருங்கள்.

1960-களில் டிவி முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, தாங்கள் ஒரு தொடரைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாது. அவர்களுக்கு ரீல் டேப் வாங்கக் காசு வேண்டும், ஒளிபரப்பு நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும், மற்றவர்கள் பேசாமலும் இருக்க வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் எதுவும் இல்லை. பீட் முகவரியும் அரை மணி நேரமும் போதும். இந்த வார இறுதியில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்காஸ்டை எடுத்துக்கொண்டு, முதல் எபிசோடிலிருந்து டவுன்லோட் செய்யத் தொடங்குங்கள்.